தாய்லாந்தில் பெயர் மாற்றியவர் வெளிநாட்டுக் குடியுரிமை கேட்டால் என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

தாய்லாந்தில் பெயரை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, சிறிய கட்டணம் கட்டினால் சான்றிதழ் கிடைத்துவிடும். ராசிக்காகப் பெயரை மாற்றுபவர்கள் அங்கே நிறைய பேர். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றியிருப்பார்கள். அவர்கள் வேறொரு நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் வாழ்க்கைத் துணை தாய்லாந்துக்காரரா? அப்படியென்றால் இது உங்களுக்கும் உதவும்.

ஒரு சான்றிதழ் போதாதா?

போதாது. பிறப்புச் சான்றிதழில் உள்ளவரும் இன்றைய பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கணும். முதல் பெயரை மாற்றியதற்கு 'சோ 3' சான்றிதழ், குடும்பப் பெயரை மாற்றியதற்கு 'சோ 5'. திருமணம், விவாகரத்து காரணமாகப் பெயர் மாறியிருந்தால் அந்தச் சான்றுகளும் வேண்டும். மனைவி கணவரின் குடும்பப் பெயரையே ஏற்க வேண்டும் என்ற விதி செல்லாது என்று 2003-ல் தாய்லாந்து அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் திருமணமான பெண்களின் ஆவணங்களைக் கூடுதல் கவனத்துடன் பாருங்க. இடையில் ஒரு காகிதம் விடுபட்டாலும் தொடர்பு அறுந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் எதைக் கவனிக்கணும்?

ஒன்று, ஆண்டு. தாய்லாந்து ஆவணங்களில் புத்த ஆண்டு இருக்கும். அதிலிருந்து 543-ஐக் கழிக்கணும்: 2567 என்றால் 2024.

இன்னொன்று, எழுத்துக்கூட்டல். ஒரே தாய் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். நம்ம ஊரில் இனிஷியலை விரித்து எழுதும்போது வரும் அதே தலைவலிதான். இப்போதைய பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதணும். பழைய பெயர்களும் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்கணும். எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

முத்திரை எங்கே வாங்குவது?

இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் முறையில் இருக்கிறது. ஒரே முத்திரை போதும். தாய்லாந்தின் வழக்கமான பாதை இரண்டு கட்டம். முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறை சான்றளிக்கும். பாங்காக்கில் அது ச்சாங் வத்தனா சாலையில் இருக்கிறது. பிறகு, குடியுரிமை கேட்கும் நாட்டின் தூதரகம். அந்த முத்திரை கையெழுத்து உண்மையானது என்றுதான் சொல்லும். உள்ளே இருக்கும் தகவல் சரி என்று சொல்லாது.

எல்லா நாடுகளும் இதைக் கேட்குமா?

இல்லை. அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில் பிறந்ததிலிருந்து பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் குறிப்பிடணும். ஆனால் மொழிபெயர்ப்புக்கு, அது முழுமையானது, சரியானது, தனக்கு அந்த மொழியில் தகுதி உண்டு என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியே போதும். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்த்தால் அவர் 'நாட்டி' அங்கீகாரம் பெற்றவராக இருக்கணும். அதனால் அந்த நாட்டின் விதியைப் படித்த பிறகே முத்திரைக்குப் பணம் கட்டுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

பழைய சான்றிதழ் தொலைந்திருந்தால் முதலில் மாவட்ட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். அதன் பிறகே மொழிபெயர்ப்பு, கடைசியில் முத்திரை. வரிசையை மாற்றினால் ஒரே செலவை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.