ஆயில் ஏன் கூடுகிறது?

டிராக்டர் ஓட ஓட எஞ்சின் ஆயில் குறையும். கொஞ்சம் எரியும். கொஞ்சம் கசியும். குறைந்தால் ஊற்றுகிறோம். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சில வண்டிகளில் ஆயில் கூடும். நாம் ஊற்றியிருக்க மாட்டோம். ஆனாலும் அளவு ஏறியிருக்கும். "நல்ல வண்டி! ஆயிலே குடிக்கவில்லை" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படக் கூடாது. எந்த எஞ்சினும் ஆயிலை உண்டாக்காது. அளவு கூடினால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. பெரும்பாலும் அது டீசல்தான்.

டீசல் கலந்தால் என்ன?

மாட்டு வண்டி அச்சுக்கு வண்டி மை போடுகிறோம். அந்த மையில் மண்ணெண்ணெய் கலந்து பூசினால் என்ன ஆகும்? மை வழிந்து போகும். அச்சு தேயும். எஞ்சினிலும் அதுதான் நடக்கிறது.

எஞ்சினுக்குள் கிராங்க் என்ற தண்டு சுற்றுகிறது. அது பேரிங்குகளின் மேல் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஆயில் மெல்லிய ஏடு போல நிற்கிறது. அந்த ஏடு இருக்கும் வரை இரும்பும் இரும்பும் உரசாது. டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப் போகும். ஏடு அறுந்துவிடும். பேரிங் தேயும். கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நிறைய டீசல் வேண்டாம். மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்றுக்கு 7 லிட்டர் ஆயில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 350 மில்லி டீசல் கலந்தால் 100-க்கு 5 பங்கு. அதுவே அதிகம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயில் அளவு மிகவும் ஏறினால், அது எரியும் அறைக்குள் போய்விடும். எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும். ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் ஏறும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஸ்டாப் கம்பி டீசலைத்தான் நிறுத்தும். அது ஓடுவதோ ஆயிலில்! காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஏர் கிளீனருக்குக் காற்று போகும் வாயைப் பலகையால் மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. கிட்டே போக முடியாவிட்டால் எல்லோரையும் தூரப் போகச் சொல்லுங்கள். நீங்களும் விலகுங்கள். வண்டி போனால் போகட்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஆயில் அளவு பார்க்கும் கம்பி எல்லா எஞ்சினிலும் உண்டு. டிப்ஸ்டிக் என்பார்கள். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கம்பியை எடுத்துத் துணியால் துடையுங்கள். மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நேற்று எவ்வளவு இருந்தது என்பது மனதில் நிற்காது. நோட்டில் நிற்கும்.

அளவு ஏறியிருந்தால் மோந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக அடிக்கும். ஆனால் ஓடிய ஆயிலில் எப்போதுமே கொஞ்சம் அந்த வாடை இருக்கும். அதனால் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு விரல் நடுவே ஒரு சொட்டு வைத்துத் தேயுங்கள். நல்ல ஆயில் வழவழப்பாக இருக்கும். டீசல் கலந்தது தண்ணீர் போல நழுவும்.

தாளிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். மை உறிஞ்சும் தாளாக இருந்தால் நல்லது. சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு நடுவில் நிற்கும். டீசல் இருந்தால் அது வெளியே பரவி வெளிறிய வளையம் போடும். பக்கத்திலேயே டீசல் கலக்காத ஆயிலையும் ஒரு சொட்டு விட்டால் வித்தியாசம் தெரியும்.

ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள். எஞ்சின் சூடானதும் முள் முன்பைவிடக் கீழே இறங்குகிறதா?

தண்ணீர் கலந்தாலும் அளவு ஏறும். ஆனால் அப்போது ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். சந்தேகமாக இருந்தால் ஒரு தகரத்தைச் சூடாக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கித் தூரக் கொண்டுபோய் வையுங்கள். அதன் மேல் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்.

எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் பலருக்குப் பணம் வீணாகிறது. ஆயிலில் டீசல் என்றதும் "ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. உடனே சம்மதிக்காதீர்கள். எஞ்சினைப் பிரிப்பது கடைசி வேலை. வெளியே உள்ள சின்னச் சாமானை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பீட் பம்பு. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளுவது இதுதான். பல டிராக்டர்களில் இது எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். உள்ளே ரப்பர் போன்ற ஒரு வட்டத் தகடு இருக்கும். டயாபரம் என்பார்கள். மேலே டீசல், கீழே எஞ்சின். டயாபரம் கிழிந்தால் டீசல் நேராக ஆயிலில் விழும். டயாபரத்தின் விலையையும் எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பெரிய பம்பு. இஞ்செக்சன் பம்பு என்று பெயர். ரோட்டரி பம்பாக இருந்தால் அதன் தண்டில் ஒரு சீல் இருக்கும். சீல் தேய்ந்தால் டீசல் பல்சக்கரப் பெட்டி வழியே ஆயிலுக்குப் போகும். நீளமான இன்லைன் பம்பு சிலவற்றுக்குத் தனி ஆயில் உண்டு. அதில் கசிந்தால் பம்பின் ஆயில்தான் ஏறும். அதையும் திறந்து பாருங்கள். மற்ற இன்லைன் பம்புகளுக்கு எஞ்சின் ஆயிலே போகிறது. அவற்றில் கசிந்தால் எஞ்சின் ஆயில் ஏறும். இந்தப் பம்புகளைச் செய்த பெங்களூர் மைக்கோ கம்பெனிக்கு 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆனாலும் வண்டிக்காரர்கள் வாயில் இன்னும் மைக்கோ பம்புதான்!

மூன்றாவது இஞ்செக்டர். இது டீசலைப் புகை போலத் தூவ வேண்டும். நாசில் கெட்டால் தூவாது. சொட்டும். சொட்டிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இறங்கும். இந்தக் கோளாறு இருந்தால் எஞ்சினே சொல்லிவிடும். புகை அதிகமாக வரும். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும்.

எது கெட்டது என்று பிரித்தறிய செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் டீசல் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும். எஞ்சின் நின்றாலும் டீசல் கீழே இறங்கப் பார்க்கும். வேலை இல்லாத ஒரு நாளில் இதைச் செய்யுங்கள். காலையில் ஆயில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் குழாயைத் திறந்தே விடுங்கள். எஞ்சினை ஓட்டாதீர்கள். மறுநாள் காலை அளவைப் பாருங்கள். வேலை முடிந்த சாயங்காலம் தொடங்கினால் கணக்குத் தப்பும். மேலே ஒட்டியிருக்கும் ஆயில் இரவில் கீழே வடிந்து அளவைக் கூட்டும்.

ஓடாமலே ஏறியிருந்தால் பீட் பம்பு அல்லது ரோட்டரி பம்பு சீல். அடுத்த நாள் டேங்க் குழாயை மூடி வைத்துப் பாருங்கள். இப்போது ஏறவில்லை என்றால் சந்தேகம் உறுதி.

ஓடாத நாளில் ஏறவே இல்லையா? அப்படியானால் எஞ்சின் ஓடும்போதுதான் கசிகிறது. இஞ்செக்டர்களைக் கழற்றிப் பம்பு ஷாப்பில் சோதிக்கக் கொடுங்கள். பீட் பம்பையும் விட்டுவிடாதீர்கள். டயாபரத்தில் சின்னக் கிழிசல் இருந்தால் ஓடும்போது மட்டும் கசியும்.

எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் கெட்டது. ஆனால் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதனால் தெரிந்தவர் மட்டும் செய்யட்டும். காமன் ரெயில் எஞ்சினில் யாரும் இதைச் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் 1000 கிலோவுக்கும் மேல்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் லோடு வண்டிகளில் வேறு கதை. பல வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அந்தக் கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். கொஞ்சம் ஆயிலிலும் இறங்கலாம். கோளாறு இல்லாமலே அளவு ஏறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எவ்வளவு ஏறலாம் என்று பாருங்கள்.

சரிசெய்த பிறகு

கோளாறு தீரும் வரை எஞ்சினை ஓட்டாதீர்கள். தீர்ந்ததும் பழைய ஆயிலை முழுதும் இறக்குங்கள். மேல் கோடு வரை மட்டும் இறக்கி மீதியை விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிரயோஜனமில்லை. இறக்கியதிலும் டீசல், மிச்சத்திலும் டீசல். ஆயில் பில்டரையும் மாற்றுங்கள். இறக்கிய ஆயில் சுலபமாகத் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள். கேனில் மூடி, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

இந்த வேலைகளை முறையாகக் கற்க விரும்பினால் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் புத்னி, அரியானாவில் ஹிசார், ஆந்திராவில் கார்லதின்னே, அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய ஊர்களில் உள்ளன.

புது ஆயில் ஊற்றிய அன்று அளவை நோட்டில் எழுதுங்கள். 10 மணி நேரம் ஓடிய பின், மறுநாள் காலை மறுபடி பாருங்கள். கோடு ஏறாமல் நின்றால் உழவுக்குப் போகலாம்.