ஃப்யூரி ரோடு ரீவிசிட்: ஓடிப்போகும் படம் இல்லை, திரும்பி வரும் படம்!

2015 மே மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காகக் கடலூரில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்த மாமா, என்னையும் தம்பியையும் பாண்டிச்சேரிக்குப் படத்துக்கு அழைத்துப்போனார். படம், 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு'.

வெளியே வந்ததும் மாமா சொன்ன விமர்சனம் இதுதான். "போனாங்க, அப்படியே திரும்பி வந்துட்டாங்க. இதுக்கா இவ்ளோ பெட்ரோல்?"

பத்து வருஷம் கழித்து, போன வாரம் செல்போனில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். மாமா கிண்டலாகச் சொன்னதுதான் படத்தின் உயிரே என்று இப்போதுதான் புரிகிறது. (படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கிளைமாக்ஸ் வரை பேசப்போகிறோம்!)

பூ பூத்ததால் இடம் மாறிய ஷூட்டிங்

டாக்டராக இருந்து இயக்குநரான ஜார்ஜ் மில்லர், 1979-ல் தொடங்கிய வரிசை இது. மூன்றாம் பாகம் 1985-ல் வந்தது. நான்காம் பாகமான இதற்கு 30 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பாலைவனத்தில்தான் எடுப்பதாக இருந்தார்கள். எதிர்பாராத மழை பெய்து, பாலைவனம் முழுக்கப் பூத்துவிட்டது! உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைக்குப் பூந்தோட்டம் ஆகுமா? யூனிட் மொத்தமும் ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போனது. பறக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை நிஜம். 450 மணி நேரத்துக்கும் மேலான காட்சிகளை இரண்டு மணி நேரமாகச் சுருக்கிய மார்கரெட் சிக்ஸல், மில்லரின் மனைவி. எடிட்டிங் உட்பட ஆறு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

தண்ணீர் யார் கையில்?

பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, கோட்டை உச்சியில் உட்கார்ந்திருக்கிறான் இம்மார்ட்டன் ஜோ. நினைத்தால் திறப்பான், கீழே மக்கள் சட்டியும் பானையுமாக முட்டி மோதுவார்கள். தண்ணீருக்கு அடிமையாகாதீர்கள் என்று அறிவுரை வேறு!

தியேட்டரில் சிரித்தேன். ஆறு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. டேங்கர் வந்தபோது குடத்தோடு ஓடிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

சிதம்பரம் மாமா வீட்டில் எட்டு நாள் தங்கினோம். "அக்கா, இங்கயே ஒரு வீடு பார்த்துடலாமே" என்றார் மாமா. அம்மா சொன்னது ஒரே பதில்: "தண்ணி வடியட்டும்டா, போயிடறோம்."

எனக்குக் கோபம் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், அப்புறம் இந்த வெள்ளம். இன்னும் எத்தனை முறை?

பசுமை நிலம் எங்கே?

ஜோவிடமிருந்து ஐந்து பெண்களை மீட்டுக்கொண்டு, தான் பிறந்த பசுமை நிலத்தைத் தேடி லாரியில் தப்பிக்கிறாள் ஃப்யூரியோஸா (சார்லீஸ் தெரோன்). அந்த இடமோ எப்போதோ கெட்டுப்போய்ச் சேறாகிவிட்டது. அடுத்து என்ன? உப்புப் பாலைவனத்தைத் தாண்டி இன்னும் ஓடுவதா? மேக்ஸ் (டாம் ஹார்டி) கையை நீட்டி, வந்த வழியைக் காட்டுகிறான். தண்ணீரும் பச்சையும் அங்கேதான் இருக்கின்றன. திரும்பிப் போய் அதை எல்லோருக்கும் ஆக்குவோம் என்கிறான்.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடு அழிந்து, உப்புப் பூத்துக்கிடந்த நிலங்களில், மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்க வழிசெய்து, மீண்டும் கன்றுகள் நட்டார்கள். சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரையில் நடந்த ஓர் ஆய்வு, 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் பாதிப்பு குறைவு என்றது அது. தானே புயல் சாய்த்த பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் பதிலாக விவசாயிகள் மறுபடி கன்று வைத்தார்கள்.

படத்தில் ஒரு பாட்டி, பை நிறைய விதையோடு பைக்கில் வருவார். சாகும்போது அந்தப் பையை இளம்பெண்ணின் கையில் விட்டுப்போவார். பத்தாம் வகுப்பில் கவனிக்காத அந்தக் காட்சியில், இந்த முறை வீடியோவை நிறுத்திவிட்டேன்.

திரும்புவது என்றால் பழையபடியே போய் உட்காருவது இல்லை. அம்மாவும் அப்படி உட்காரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுத் தரையை இரண்டு அடி உயர்த்தினார். மோட்டார் சுவிட்ச் இப்போது தோள் உயரத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒரு போன்

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். இந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் தரும் ஏரிகளில் ஒன்று, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீராணம். 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. ஊரைவிட்டு வந்தாலும் ஊர்த் தண்ணீர் விடவில்லை!

படம் முடிந்ததும் மாமாவுக்கு போன் போட்டு, அவருடைய பழைய விமர்சனத்தை ஞாபகப்படுத்தினேன். சிரித்தார். "உங்கம்மா கதைதானே அது? பெட்ரோல்கூட இல்லாம பஸ்லயே திரும்பிட்டா!"