எழும்பியதும் ஏன் கவிழ்கிறது?

வீட்டில் கட்டிய நான்கு விசிறி ட்ரோன் ஒரு சாண் எழும்பி உடனே கவிழ்கிறதா? மோட்டாரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

ஒரு விசிறி வலமாகச் சுழன்றால், எதிர்விசை ட்ரோனின் உடலை இடமாகத் திருப்பும். அதை ஈடுகட்டவே மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு வலமாகவும், மற்ற இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. விசிறிகளின் சாய்வும் இதற்கேற்ப இருவகை. ஒன்று இடம் மாறினால் அந்த மூலை காற்றை மேல்நோக்கித் தள்ளும். ட்ரோன் அந்தப் பக்கம் சரியும். சுழலும் திசையே தவறென்றால், பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும்.

அப்படியும் கவிழ்ந்தால் கட்டுப்பாட்டுப் பலகையின் அம்புக்குறி ட்ரோனின் முன்பக்கம் நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பலகை திரும்பியிருந்தால், முன்பக்கச் சரிவைப் பக்கவாட்டுச் சரிவாகக் கொண்டு தவறான மோட்டாரை வேகப்படுத்தும். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான் என்பேன். மேசையில் சோதிக்கும்போது விசிறிகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், விரலைக் கிழித்துவிடும்.

அரசலாறு கடலில் சேரும் காரைக்கால் கடற்கரையில் பறக்கவிடுவோருக்கு இன்னொரு சிக்கல்: மணலில் கருந்துகள்கள் இருந்தால் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், உப்புக்காற்று சாலிடர் இணைப்புகளை அரிக்கும். தார்ப்பாய் விரித்து அதன்மேல் இறக்குங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்குமுன், காலையிலேயே பறக்கவிடுவது நல்லது. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. ஓட்டுநர் உரிமம் வேண்டாம். தடைசெய்த வான்பகுதியா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள்.