பொறியைப் படிக்கும் கண்



வடசென்னையில் மூலக்கொத்தளம் என்றோர் இடம் உண்டு. கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. பழைய சென்னைப் பட்டணத்தைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த மதிலின் மூலைக் கொத்தளமே இப்பெயருக்குக் காரணம் என்பர். அங்கிருந்து ராயபுரம், திருவொற்றியூர் என்று வடக்கு நோக்கிப் போனால் இரும்பு வேலை நடக்கும் பட்டறைகளைக் காணலாம்.

அத்தகைய பட்டறை ஒன்றில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பெயர் தெரியாத ஓர் இரும்புத் துண்டு கைக்கு வந்தால், அனுபவமுள்ள தொழிலாளி அதைச் சுழலும் சாணைச் சக்கரத்தில் லேசாக வைப்பார். பொறி பறக்கும். பொறிகள் நீளமாக, அதிகம் கிளைக்காமல் ஓடினால் அது கரி குறைந்த மெல்லிரும்பு. மத்தாப்புப் போல் வெடித்துக் கிளைத்தால் கரி மிகுந்த எஃகு. பொறியே வராவிட்டால் அது பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கலாம். பொறி எல்லோர் கண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும், அல்லவா?

இதே வேலையை மிக மிக நுட்பமாகச் செய்யும் கருவி ஒன்று விஞ்ஞானிகளிடம் இருக்கிறது. அதன் பெயர் எலெக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி. அதற்கும் படிக்கத் தெரிந்த கண் வேண்டும் என்பதுதான் வேடிக்கை!

அணு விடும் பொறி

காற்று நீக்கிய ஓர் அறைக்குள், பளபளப்பாகத் தேய்த்த கல் துண்டு வைக்கப்படுகிறது. சுமார் 15,000 வோல்ட் மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பட்ட எலெக்ட்ரான் கற்றை அதன்மேல் பாய்கிறது. கற்றை விழும் புள்ளியின் அகலம் ஏறக்குறைய 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் குறுக்கே இத்தகைய புள்ளிகளைப் பல பத்து வைக்கலாம்!

பாய்ந்து வரும் எலெக்ட்ரான், அணுவின் உட்கூட்டிலுள்ள ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடுகிறது. காலியான இடத்திற்கு வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று இறங்குகிறது. இறங்கும்போது எக்ஸ்-கதிர் வெளிப்படுகிறது. இதுவே அணு விடும் பொறி. இரும்புக்கு ஓர் அலைநீளம், கால்சியத்துக்கு வேறு அலைநீளம் என்று தனிமத்துக்குத் தனிமம் இது மாறுபடும். இந்த அலைநீளங்களுக்கும் அணு எண்ணுக்கும் உள்ள தொடர்பை 1913-இல் கண்டறிந்தவர் மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர். இரண்டே ஆண்டுகளில், முதல் உலகப் போரில், 27-ஆம் வயதில் அவர் உயிரிழந்தார்.

பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டேங் இவ்வுண்மையைப் பயன்படுத்தி இக்கருவியை அமைத்தார். 1951-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு இத்துறைக்கே அடித்தளம் ஆயிற்று. நம் நாட்டிலும் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஃபரீதாபாத்திலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கூடம் போன்ற இடங்களில் இக்கருவி பணியாற்றி வந்திருக்கிறது.

எண் வந்தால் போதுமா?

எக்ஸ்-கதிர்களை எண்ணிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இரும்பின் கதிர் கல்லுக்குள்ளிருந்து வெளிவருமுன் ஒரு பகுதியை மற்ற அணுக்கள் விழுங்கிவிடும். சில அணுக்களின் கதிர் வேறு அணுக்களைத் தூண்டி, கூடுதல் கதிரை வெளிவிடச் செய்யும். ஆகவே, அளவு முன்பே தெரிந்த ஒரு பொருளை அதே கருவியில் வைத்து ஒப்பிட வேண்டும். பிறகு பல திருத்தங்களும் செய்ய வேண்டும். இந்த நீண்ட கணக்கை இன்று கணிப்பொறி நிரல்கள் நொடியில் போட்டு, ஒரு பட்டியலைத் தந்துவிடுகின்றன. பட்டியலின் கூட்டுத்தொகை 100-க்கு அருகில் வர வேண்டும்.

இப்போது ஒரு புதிர். சேலத்துக் கஞ்சமலையில் மாக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கிடைக்கிறது. அதன் ஒரு துணுக்கை ஆராய்ந்த மாணவருக்குக் கூட்டுத்தொகை 93 என்று வருகிறது. மீதி 7 எங்கே? கருவி பழுதா?

வல்லுநர் ஒருவரைக் கேட்டால் புன்னகை செய்வார். இத்தகைய ஆய்வில் வழக்கமாக ஆக்சிஜனை நேரே அளப்பதில்லை. ஓர் இரும்பணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்று வைத்துக்கொண்டு நிரல் கணக்கிடுகிறது. ஆனால் மாக்னடைட்டில் 3 இரும்பணுக்களுக்கு 4 ஆக்சிஜன் அணுக்கள்! நீங்களே போட்டுப் பாருங்கள். இரும்பின் அணு எடை 56, ஆக்சிஜன் 16. உண்மையான எடை 168 + 64 = 232. நிரல் கண்ட எடை 168 + 48 = 216. 216-ஐ 232-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 93. விட்டுப்போன ஓர் ஆக்சிஜன் அணுதான் காணாமற்போன 7! கருவியும் தவறவில்லை, நிரலும் தவறவில்லை. நிரலுக்கு நாம் சொன்ன செய்திதான் போதவில்லை.

ஆனால் இரும்பே இல்லாத குவார்ட்ஸ் படிகத்தில் 93 வந்தால்? அப்போது வல்லுநர் வேறு கேள்விகளைக் கேட்பார். "கல்லைச் சரியாகத் தேய்த்தீர்களா? மின்சாரம் கடப்பதற்காகப் பூசிய கரிப் படலம் சீரான கனத்தில் இருக்கிறதா? கற்றை ஏதேனும் குழியில் விழுந்ததா?" ஒரே எண், நோயோ வேறு வேறு!

கோடி ஆண்டுப் பிழை

மற்றொரு பிழை இன்னும் பொல்லாதது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள தோரியமும் யுரேனியமும் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறுகின்றன. மூன்றின் அளவும் தெரிந்தால் கனிமத்தின் வயதைச் சொல்லிவிடலாம். ஈயமோ மிகச் சிறிதளவே இருக்கும். மோனசைட்டிலுள்ள இட்ரியம் என்ற தனிமத்தின் ஒரு கதிர், நாம் தேடும் ஈயக் கதிரோடு ஏறக்குறைய ஒன்றிவிடுகிறது. இட்ரியத்தின் கதிரையும் ஈயம் என்றே எண்ணிவிட்டால், கல்லின் வயது கோடி ஆண்டுக் கணக்கில் கூடிப்போகும்! கூட்டுத்தொகையோ 100-க்கு அருகிலேயே நிற்கும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. இதை அறிந்தவர் சொன்னால்தான் உண்டு.

அதனால்தான் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் டோனவன் உருவாக்கியது போன்ற நிரல்களில் இத்தகைய கதிர்க் கலப்பைத் திருத்தவும் வழி செய்திருக்கிறார்கள். அதோடு, நிரலைப் பயன்படுத்துவோர் திகைத்து நின்றால் கைகொடுக்க, இக்கருவியோடு நெடுங்காலம் பழகிய வல்லுநர்கள் ஆலோசகர்களாக இருக்கிறார்கள். திருத்தம் செய்வது நிரலின் வேலை. எந்தத் திருத்தம் தேவை என்று அறிவதோ மனிதரின் வேலை.

நண்பர்களே, அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கருமணல் படிந்த இடத்தில் அதை உருட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும் கருந்துகள்களில் மாக்னடைட்டும் இருக்கக்கூடும். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த 93-ஐ நினைத்துப் பாருங்கள். உங்கள் பரிசோதனையில் எதிர்பாராத எண் வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். ஏன் வந்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். பட்டறைத் தொழிலாளியின் கண்ணும் ஒரே நாளில் பழகியது அன்று!