கோட் சூட் போட்ட கானா... ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பயணத்தைச் சொல்லும் வீடியோக்கள்!

கிடாரும் ட்ரம்ஸும் அதிரும் ராக் இசை என்றால், நம் ஊரில் சில இடங்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். கல்லூரி கல்சுரல்ஸ் மேடை, நட்சத்திர ஓட்டல், அப்புறம் ஆரோவில். சென்னையிலிருந்து ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருப்பவரின் வாழ்க்கை ராக் மேடையில் பாட்டாவது அரிது.

அந்த வழக்கத்தை உடைத்த குழுதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்.’

மேடையில் 19 பேர்!

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இந்தக் குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. ‘சாதியில்லாத தமிழர்’ என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் பிறந்தது.

அந்த மேடை வீடியோவை இப்போது பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது உடைதான். வடசென்னையின் சாவு வீடுகளில் பாடிப் பாடி வளர்ந்தது கானா. அதைப் பாடுகிறவர்களும், பறையும் சட்டியும் அடிப்பவர்களும் கோட் சூட்டில் நிற்கிறார்கள். பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிடார், ட்ரம்ஸ், ராப். கோட் சூட் என்றதும் அம்பேத்கரின் உருவம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஒரு வரி பாடுவதற்கு முன்பே, பாதி விஷயத்தை உடையே சொல்லிவிட்டது.

இட ஒதுக்கீடு முதல் மாட்டுக்கறி வரை

அடுத்தடுத்து யூடியூபில் வந்த பாடல்களின் தலைப்புகளே போதும். ‘ஜெய் பீம் ஆந்தம்’, ‘கோட்டா சாங்’, ‘பீஃப் சாங்’, ‘வட சென்னை’, ‘மகிழ்ச்சி’. இட ஒதுக்கீடு ஏன் என்பதை மேடைப் பேச்சாக இல்லாமல், தாளம் போட வைக்கும் பாட்டாகச் சொன்னார்கள். சினிமாவில் பெரும்பாலும் ரவுடிகளின் ஊராகவே வந்த வடசென்னை, இங்கே அங்கே வாழ்கிறவர்களின் குரலில் பேசியது.

இசைவாணி

ஆண்கள் மட்டுமே ஆண்டுவந்த கானாவில், இந்தக் குழுவின் ஒரே பெண் பாடகி ராயபுரத்து இசைவாணி. 2020-ல் பி.பி.சி-யின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

வீடியோவுக்கு வயதாவதில்லை என்பதற்கும் அவரே சாட்சி. 2018-ல் அவர் பாடிய ‘ஐ யாம் சாரி ஐயப்பா’ பாடல், 6 ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் திடீரெனச் சர்ச்சையானது. பக்தர்களைப் புண்படுத்துவதாகப் புகார்கள் போனன. இசைவாணிக்கு மிரட்டல்கள் வந்தன. ‘பாடல் பெண்களின் உரிமையைப் பேசுகிறது’ என்று நீலம் அமைப்பு அவருக்குத் துணை நின்றது. மேடையில் 19 பேர் சேர்ந்து நின்ற காலம் போய், பழைய பாட்டுக்காக ஒரு பெண் தனியாகக் குறிவைக்கப்பட்டார்.

சிம்மாசனத்தில் பாட்டி

குழுவின் இன்னொரு குரல், அரக்கோணத்து அறிவு. 2019-ல் ஆஃப்ரோவுடன் அவர் கொண்டுவந்த ‘தெருக்குறள்’ ஆல்பத்தில், தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த மாணவி ஸ்னோலினுக்கும் ஒரு பாடல் உண்டு.

2021 மார்ச்சில் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி.’ தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோ. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், அதில் ராணியைப்போல அமர்ந்திருப்பார். பல கோடிப் பேர் பார்த்த காட்சி அது. நிலமில்லாத ஒரு பாட்டிக்குக் கிடைத்த சிம்மாசனம்!

ஆனால், வெற்றியோடு ஒரு கேள்வியும் வந்தது: இந்தப் பாட்டு யாருடையது? 2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று எதிர்ப்பு கிளம்ப, பிறகு அவருக்கும் டிஜிட்டல் அட்டை வெளியானது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தபோது விவாதம் மீண்டும் சூடானது. மூவரும் தங்கள் தரப்பை எழுதினார்கள்.

அறிவு தன் அடுத்த பதிலை இசையாகவே தந்தார். ‘அம்பாசா’ என்ற புதிய குழு. 2024-ல் ஓர் ஆல்பம். அதன் பெயர், ‘வள்ளியம்மா பேராண்டி’!

போனில் இந்த வீடியோக்களைத் தேடுகிறவர்கள் 2018 மேடையிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம். அடுத்தடுத்து ஒவ்வொருவரும் தனிப் பாதையில் போவது தெரியும். ஆனால் அந்த முதல் இரவில், எல்லோரும் ஒரே கோட் சூட்டில், ஒரே மேடையில் நிற்கிறார்கள்.