தொட்டியில் வந்த பாசி, தப்பிய ஆபத்து!

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்களுக்கு நாலு பக்கமும் கடல்தான். ஆனால், குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

போன கோடை லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் நீந்தி விளையாட, கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டிக் கொடுத்தார் என் கணவர். கிணற்றுத் தண்ணீர் 2,000 லிட்டர் பிடித்தது. ஐந்தாம் நாளே பச்சைப் பசேலென்று பாசி! சின்னவள் வழுக்கி விழுந்து தாடையில் அடி.

அவ்வளவு தண்ணீரையும் கொட்ட மனசு வருமா? பட்டப்பகலில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டேன். பாசி அசையவில்லை. "கக்கூஸ் கழுவுற ஆசிட்டையும் ஊத்துங்க மதினி, பளிச்சுனு ஆயிரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாட்டிலைத் திறக்கப் போனேன். கெமிஸ்ட்ரி படித்த என் மகள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். மூச்சு முட்டி உயிரே போயிரும்!" என்றாள். 1915-ல், முதல் உலகப் போரில் எதிரிகள் மேல் ஏவிய அதே வாயுவாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிறகு அவள் சொன்னபடி செய்தேன். முதலில் சுவர், தரையெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்தேன். வெயிலில் குளோரின் வீணாகிவிடும் என்பதால், பொழுது சாய்ந்ததும் 60 கிராம் பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினேன். மறுநாள் 100 கிராம் படிகாரத்தைத் தனியாகக் கரைத்து விட்டேன். செத்த பாசி அடியில் படிந்தது. அதை ரப்பர் குழாய் வைத்து வெளியேற்றினேன்.

தண்ணீரில் காரத்தன்மை கூடினால் குளோரினுக்குப் பலம் குறையுமாம். பரிசோதனைக் காகிதத்தில் பி.எச். 7.2 முதல் 7.8 வரையும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும் காட்டிய பிறகே பிள்ளைகளை இறக்கினோம்.

இப்போது விளையாடி முடிந்ததும் பனையோலைத் தட்டி போட்டு மூடிவிடுகிறேன். வெயில் படாததால் பாசியும் பிடிப்பதில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளைத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை.

சகோதரிகளே! தொட்டியோ, பாத்ரூமோ, பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள்!

– ஒரு வாசகி, தங்கச்சிமடம்.