உயிரணுச் சமிக்ஞைப் புரதமும் இமாடினிப் மருந்தும்: சென்னைக் காப்புரிமை வழக்கின்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

உயிரணு பிரிவதற்கான ஆணை பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. அதனை உட்கருவரை கடத்துபவை சமிக்ஞைப் புரதங்கள். அவற்றுள் கைனேஸ் எனப்படும் நொதிகள், ஏ.டி.பி. மூலக்கூற்றிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களில் சேர்த்து அவற்றின் செயலை மாற்றுகின்றன. பணி முடிந்ததும் கைனேஸ் அடங்க வேண்டும். அடங்காவிடில் உயிரணுப் பிரிவு கட்டுமீறும். அத்தகைய கைனேஸை இலக்காகக் கொண்ட இமாடினிப் மருந்து செயற்படும் முறையையும், அதன் பயன் விலையைச் சார்ந்திருப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடங்காத கைனேஸ்

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. இதனை ஜேனட் ரௌலி 1973இல் வெளிப்படுத்தினார். இம்மாற்றத்தால் பி.சி.ஆர்., ஏ.பி.எல். ஆகிய மரபணுக்கள் இணைந்து கலப்புப் புரதமொன்று தோன்றுகிறது. இயல்பான ஏ.பி.எல். கைனேஸில் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் முனைப்பகுதி உண்டு. கலப்புப் புரதத்தில் அது இல்லை. ஆதலால் ஆணையின்றியே வெள்ளணுக்கள் பெருகுகின்றன. ஏ.டி.பி. அமரவேண்டிய குழியில் இமாடினிப் அமர்ந்து அக்கைனேஸைச் செயலிழக்கச் செய்கிறது. அமெரிக்காவில் 2001இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. சடுதிமாற்றத்தால் குழியின் அமைப்பு மாறின் மருந்து பொருந்தாமற் போகலாம். அந்நிலைக்கென டசாடினிப், நிலோடினிப் முதலியன பின்னர் வந்தன.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இமாடினிப் புற்றின் குருத்தணுக்களை முற்றாக அழிப்பதில்லை. எனவே பெரும்பாலோர் அதனைப் பல்லாண்டுகள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியுள்ளது. இம்மருந்தின் பீட்டா படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் பயன்திறனில் மேம்பட்டாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. நிறுவனம் நோயாளிகள் பலருக்கு இலவசமாக வழங்கியபோதிலும், அதன் விற்பனை விலை மாதத்திற்கு ஏறத்தாழ ரூ. 1,20,000 ஆக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்தோ ரூ. 10,000 அளவில் கிடைத்தது.

முடிவுரை

நோய் ஆழ்ந்து தணிந்தோருள் சிலர் மருத்துவக் கண்காணிப்பில் மருந்தை நிறுத்த இயலும். ஏனையோர் இடையில் விட்டால் கைனேஸ் மீண்டும் இயங்க, நோயும் மீளும். ஆகவே, சமிக்ஞைப் புரதத்தை இலக்காக்கும் சிகிச்சையை மதிப்பிடுவோர், மருந்து குழியில் பொருந்துவதோடு நோயாளிக்கு இடையறாது கிடைப்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.